அவருடைய ஆட்கள் திரும்பி வருவதில்லை

"அவரின்ரை ஆக்கள் ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை."

வெள்ளவத்தையில் அந்த ஏஜென்சிக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு சொன்னார்கள். மரக்கறிக் கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தபடி சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னார், அதுவும் பெருமையாக.

இப்போது இதை வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் விசர்ச் சனம் என்று படும். படட்டும். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் அப்போது சந்துக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்கள் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே பிடிபட்டு வருவார்கள். சிலர் பாங்கொக்கில் திருப்பி அனுப்பப்பட்டு வருவார்கள். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில் மாதக்கணக்கில் அறைக்குள் கிடந்துவிட்டு எலும்பும் தோலுமாக எங்கள் பெரிய ரோடான காலி வீதியில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. அந்த முகங்களை நாங்கள் நேரே பார்ப்பதில்லை, தரித்திரம் ஒட்டிவிடும் என்று பயம். இந்த மனிதர் அனுப்பிய ஒருவரும் அப்படி வந்து இறங்கவில்லை. அதனால் அவர் கெட்டிக்காரர், நம்பலாம் என்று முடிவு செய்துகொண்டோம்.

நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், தம்பி. அப்பா யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து செத்த பிறகு கொழும்புக்கு வந்தோம். கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், பலகைத் தட்டி அடித்துப் பிரித்த மேல்மாடியில் எங்களுக்கு ஒரு அறை. குசினி எல்லோருக்கும் பொது. நான் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்கு டெலிபோன் கதைக்கிற கடை. கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று சனம் கனடாவுக்கும் சுவிசுக்கும் கத்தும். நான் வெளியில் இருந்து மீற்றரைப் பார்ப்பேன். அந்த வேலையால் எனக்குச் சிங்களமும் கொஞ்சம் ஓடியது. வாய் முன்பிருந்தே நீளம். "உன்ரை வாய்க்குப் பயந்துதான் மாப்பிள்ளையள் கப்பலேறிப் போறாங்கள்" என்று அம்மா சொல்லாத நாள் குறைவு.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பெடியனுக்குக் கொழும்பில் இருந்த ஒரே வேலை வீட்டுக்குள் இருப்பது. பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, ஏன் வந்தாய், எப்ப போவாய் என்று கேள்வி. ஒருநாள் ஆமியின் சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். "ஒண்டும் செய்யேல்லை அக்கா" என்றான். அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டவில்லை. அந்தக் கிழமையே அம்மா முடிவெடுத்தார்: என்ன வித்தாவது இவனை அனுப்ப வேணும்.

பக்கத்து அறையில் வவுனியாவிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். அவருடைய புருஷனை அனுப்பினது அந்த மனிதர்தான். "அவர் போய் நாலு மாசமாச்சு. இப்ப ருஷ்யாவிலை நிக்கிறார். அண்ணை கிழமைக்குக் கிழமை வந்து சொல்லுவார்" என்றார் அக்கா. அவர்தான் அண்ணையை எங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அண்ணை என்றுதான் நாங்கள் அந்த ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டோம். இன்றைக்கும் அவரை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதையால் அல்ல, பழக்கதோஷம். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தோய்த்து மினுக்கின வெள்ளைச் சேட், நெற்றியில் சந்தனம், கையில் எப்போதும் குடை. சிகரெட் இல்லை, குடி இல்லை. சிங்களம் தண்ணி மாதிரி ஓடும். பொலிஸ் பதிவுக்குப் போகிற சனத்துக்குச் சும்மாவே கூடப்போய்க் கதைத்துக் கொடுப்பார். எங்கள் அறையில் முதல் நாள் சாப்பிட்டுவிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். அம்மாவுக்கு அது போதும். "எந்த ஆம்பிளை கோப்பை கழுவுறான் சொல்லு பாப்பம்" என்று எனக்கு மூன்று நாள் அதே கதை.

அம்மா நகையை விற்ற காசை அண்ணையின் கையில் எண்ணிக் கொடுத்தார். புறக்கோட்டை நடைபாதையில் தம்பிக்குக் குளிருக்கு ஒரு ஜேர்கின் வாங்கினோம். கடும் நீலம். கொழும்பு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினான். வியர்வை ஒழுகியது.

"துரை எங்கை, பக்கிங்ஹாம் அரண்மனைக்கோ?" என்றேன்.

"போன கையோடை உனக்கொரு வெள்ளைக்காரனைப் பிடிச்சு அனுப்புறன். உன்ரை வாய் விளங்காது, பாவம், தப்பிடுவான்."

"அவன் வாயைப் பார்" என்று அம்மா அடிக்கக் கை ஓங்கினார். சிரித்துக்கொண்டுதான்.

வெளிக்கிடுகிற அன்று நான் வீட்டில் நிற்கவில்லை. பயணம் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது என்பது எங்களிடம் பழைய வழக்கம். வெள்ளவத்தையில் அது இன்னும் இறுகிவிட்டிருந்தது. ஏஜென்சியில் போகிறவன் ஒருவருக்கும் சொல்ல மாட்டான், யாரும் கேட்கவும் மாட்டார்கள். கண் பட்டுவிடும், இல்லாவிட்டால் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் ஆள் இருக்காது. "போயிட்டார் போலை" என்று மெல்லமாகச் சொல்லிக்கொள்வார்கள். யாராவது பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் கடை வாசலில் நின்றபோது அவர்களுடைய ஓட்டோ காலி வீதியால் போனது. அண்ணை ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் பை. வாகன நெரிசலில் ஓட்டோ கடைக்கு நேரே கொஞ்சம் நின்றது. தம்பி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இருவரும் கையைத் தூக்கவில்லை. பிறகு வாகனங்கள் நகர்ந்தன, நான் உள்ளே போய் ஒரு கிழவருக்கு நோர்வே நம்பர் அடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அண்ணை வந்தார்.

"அம்மா, ஆள் மொஸ்கோவிலை. சுகமா நிக்கிறார்."

அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து முன்னால் இருப்பார். ஒரு அறைக்குள் ஆறு பெடியன்கள் என்றார் அண்ணை. ஒருவன் மட்டக்களப்பு, குறட்டை விடுகிறவன், அவனோடு தம்பிக்கு ஒரே சண்டை. முறை வைத்துச் சமைக்கிறார்கள், தம்பியின் முறைக்குச் சோறு குழைந்துபோகும். ஜன்னலால் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி. "ஜேர்கின் குளிருக்குக் காணுமோ?" என்று அம்மா கேட்டார். "அதுக்கு மேலை ஒரு கோட்டுக் குடுத்திருக்கினம் அம்மா." எதைக் கேட்டாலும் பதில் இருந்தது. தலைக்கு எண்ணெய், வயிற்றுக் குத்து, கோயில் இருக்கா என்று அம்மா கேட்காதது ஒன்றும் இல்லை. டெலிபோன் மட்டும் எடுக்க ஏலாதாம். எடுத்தால் எல்லோரும் பிடிபடுவார்களாம்.

நாள் முழுக்க டெலிபோன் விற்கிற நானும் நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? ஒரு வருஷம் சத்தமில்லாமல் இருந்த புருஷன் ஒருநாள் திடீரென்று பாரிசிலிருந்து டெலிபோன் எடுத்து, மனிசி என் கடைக் கூட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்ததை நான் என் கண்ணால் கண்டவள்.

மொஸ்கோவுக்குப் பிறகு உக்ரேன். பிறகு ஒரு காடு, இரண்டு நாள் நடை. பிறகு போலந்து. அம்மா என்னிடம் பழைய அட்லஸ் ஒன்று கேட்டு வாங்கி, விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டுக்குள் தம்பிக்குக் காலில் வெடிப்பு என்று கேட்டு அழுதார். அண்ணையும் கண்ணைத் துடைத்தார். நடிப்பு என்று இப்போது சொல்வது சுலபம். நான் எதிரில் இருந்தேன், அது நடிப்பாகத் தெரியவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது தம்பிலி இளநீர் இரண்டைத் தானே வெட்டுவித்துக்கொண்டு வந்தார்.

கொட்டாஞ்சேனையில் அவருக்கு இன்னொரு வீடு வாடகைக்கு இருந்தது எங்களுக்குத் தெரியும். வெளிக்கிடுகிறவர்களைக் கடைசி நாள் அங்கேதான் வைத்திருப்பார். அங்கேயிருந்து விமான நிலையத்துக்குப் போவது சுகம், பொலிஸ் கரைச்சல் குறைவு என்று சொல்வார். வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற வேதக்காரர், கிறிஸ்தவர். அவர் பின்வளவில் கக்கூஸ் கட்ட நினைத்தார். மேசன்மார் பாவிக்காத கிணற்றை மூடியிருந்த கொங்கிரீட் பலகையைப் புரட்டினார்கள்.

பொலிசுக்குச் சொல்லப்பட்டது "கிணற்றுக்குள் என்னவோ இருக்குது" என்று மட்டும். அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனைத் தமிழ் வீட்டுக் கிணற்றுக்குள் என்னவோ இருந்தால் அது குண்டுதான். ஆமி வந்தது, ரோட்டை அடைத்தது, ஒழுங்கைகளில் இருந்த பெடியன்கள் முழுப்பேரையும் ஏற்றியது. அன்று பின்னேரம் அண்ணையையும் பிடித்தார்கள்.

செய்தி வெள்ளவத்தைக்கு வந்தபோது யாரும் அவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. தமிழனைப் பிடித்தால் அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் அர்த்தம். எங்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் அது சரியாகவும் இருந்தது. அம்மா புட்டு அவித்தார். முட்டை பொரித்தார். வாழையிலையில் சுற்றிப் பார்சல் கட்டினார். "நல்ல மனிசன், கோதாரி பிடிச்சவங்கள் என்ன செய்யிறாங்களோ" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். பக்கத்து அறை அக்காவும் வந்தார். அவர் ஒரு லோயரையும் விசாரித்து வைத்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரருக்கு அம்மா சொன்னதையெல்லாம் நான்தான் சிங்களத்தில் சொன்னேன். ஹொந்த மனுஸ்ஸயெக், நல்ல மனிதர். சனத்துக்கு உதவி செய்கிறவர். எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். சாப்பாட்டை வாங்கி வைத்தார். அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம்.

அங்கே தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் சார்ஜன்ட் இருந்தார். மூன்றாம் நாள் அவர் எங்களை மாமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உம்மாவுக்கு நல்லா வெளங்கச் சொல்லுங்க. இது இயக்கக் கேஸ் இல்ல. குண்டும் இல்ல ஒண்டும் இல்ல. கொல கேஸ்."

இயக்கம் என்று எழுதினால்தான் ஆள் வெளியில் வர ஏலாது. அம்மாவின் முகம் தெளிந்தது. நான் அதை மறக்க மாட்டேன். "அப்ப இயக்கமெண்டு எழுத மாட்டினமே?" என்றார். "கொலைக் கேசெண்டாப் பிணை எடுக்கலாமாம்" என்றார் அக்கா. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்களைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

"கெணத்துக்குள்ள அஞ்சு மய்யித்து, அஞ்சு பொணம்" என்றார். "வெளிநாடு போக வந்தவங்க. அவனே சொல்லிட்டான்."

அக்கா அந்த மரத்தடியிலேயே குந்திவிட்டார். நான் பார்சலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புட்டின் சூடு கைக்குள் இருந்தது. அம்மா என்னிடம், "இவர் என்ன சொல்லுறார், விளங்கேல்லை, சிங்களத்திலையோ சொல்லுறார்?" என்று கேட்டார். அவர் தமிழில்தான் சொன்னார்.

இந்த இடத்தில் நான் அழுதேன், கத்தினேன் என்று எழுத வேண்டும். இல்லை. சில்லறை தராத கொண்டக்டரோடு பஸ்ஸை நிற்பாட்டிச் சண்டை பிடிக்கிறவள் நான். அன்று வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்த்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மீற்றரைப் பார்த்தேன். பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்திருந்தது. முன்பக்கம் முழுக்க வன்னிச் சண்டையில் செத்தவர்கள். அவ்வளவு சாவுக்குள் எங்களுடைய அஞ்சு பேருக்கு எங்கே இடம் என்று அந்த நேரம் எனக்கே தோன்றியது. "அப்பாடா, ஆமி செய்யேல்லை" என்று கடைக்கு வந்த ஒரு மனிசி சொன்னது. நான் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

பொலிசில் ஒரு நீட்டு மேசையில் சாமான்களை வைத்திருந்தார்கள். ஜேர்கின்கள். எல்லாம் அதே புறக்கோட்டை நடைபாதை, எல்லாம் கிட்டத்தட்ட அதே நீலம். அக்கா ஒரு பெல்ட்டைக் கண்டதும் தன் புருஷனுடையது என்றார், கையெழுத்து வைத்தார். கனத்தைச் சுடலையில் எரித்துவிட்டு வவுனியாவுக்குப் போய்விட்டார். போகும்போது எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களை அண்ணையிடம் சேர்த்துவிட்டது தான் என்ற நினைப்பு அவரைத் தின்றிருக்கும். அவரில் எனக்குக் கோபம் இல்லை, அன்றும் இருக்கவில்லை.

மற்ற மூன்று குடும்பமும் வந்து தங்கள் ஆட்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்று மிச்சம் இருந்தது. சின்ன வயது, மெல்லிய உடம்பு, இடப்பக்கத் தோள் எலும்பு முந்தி ஒருக்கால் முறிந்து பொருந்தியிருக்கிறது என்று டொக்டர் எழுதியிருந்தார். தம்பி எட்டாம் வகுப்பில் சைக்கிளால் விழுந்து முறித்தது இடப்பக்கம்தான்.

"எத்தினை பிள்ளையள் சைக்கிளாலை விழுந்ததுகள்" என்றார் அம்மா.

"அம்மா, ஜேர்கினைப் பாருங்கோ."

"அது எல்லாரும்தானே வாங்கினவை. என்ரை பிள்ளை போலந்திலை."

நான் கையெழுத்து வைக்கிறேன் என்று கேட்டேன். தாய் உயிரோடு இருக்கும்போது தாய்தான் சொல்ல வேண்டும் என்றார்கள், அதுவும் தாய் இல்லையென்று சொல்லும்போது நான் ஓம் என்றால் எப்படி என்றார்கள். யாரும் பொறுப்பெடுக்காவிட்டால் அரசாங்கச் செலவில் புதைப்பார்கள், பெயரில்லாமல், ஒரு நம்பரோடு. வழக்குத் தவணைக்குத் தவணை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து கேட்டது. அம்மா தவணைக்குத் தவணை இல்லை என்றார். என் தம்பி ஒரு குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தான், அவனுக்குக் கொள்ளி வைக்க ஒரு சொல் தேவைப்பட்டது, அந்தச் சொல் அம்மாவின் வாயில் இருந்தது. வீட்டில் நான் அவரோடு கதைப்பதை விட்டேன். எனக்கு அவரில் வெறுப்பாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவர் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார். வெள்ளிக்கிழமைகளில் வாசலைப் பார்ப்பார்.

புதுக்கடை நீதிமன்றத்துக்கு நான்தான் முதலில் தனியாகப் போனேன். அண்ணை முந்தி நீதவானுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார்கள், தமிழில் ஒருக்கால், சிங்களத்தில் ஒருக்கால். எனக்கு இரண்டும் விளங்கியது, அதனால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

முதலாவது பெடியனின் பயணம் சரிவரவில்லையாம். பெடியன் தன்னைப் பொலிசில் சொல்லுவேன் என்று கத்தினானாம். கையில் கிடைத்த சாமானால் அடித்தாராம், பெடியன் செத்துப்போனானாம். அதற்குப் பிறகு பயந்து வீட்டுக்குள் இருந்தாராம், இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. பிறகு பெடியனின் தாய் வந்தாவாம். வந்து, தன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றி, "என்ரை பிள்ளையை அனுப்பிப்போட்டியள், நீங்கள் நல்லா இருக்க வேணும்" என்று கும்பிட்டாவாம். "அண்டைக்குப் பிறகு எனக்குப் பயம் வரேல்லை" என்று சொல்லியிருந்தார். மற்ற நாலு பேரையும் பற்றி இரண்டு இரண்டு வரிதான். நாட்டில் எத்தனையோ பேர் இல்லாமல் போகிறார்கள், தானும் அதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார். நித்திரை வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். வந்தது என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு ஏன் அந்த வீடுகளுக்குப் போனாய் என்று நீதவான் கேட்டிருக்கிறார். "போகாட்டிச் சந்தேகப்படுவினம் எண்டு முதல் போனனான். பிறகு போகாமல் இருக்க ஏலாமல் போச்சு. நான் வந்தா அவை சந்தோசப்படுவினம்."

நான் நிறைய யோசித்துவிட்டேன். அவருக்கு எங்களில் இரக்கம் இருக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இரக்கமும் இருந்தது, கிணறும் இருந்தது. ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை. அம்மாவுக்கு இளநீர் கொண்டுவந்த கையும் அந்தக் கைதான். அவர் சொன்ன காட்டையும் பனியையும் யாரிடம் கேட்டுப் படித்தார், அல்லது என் தம்பியை அவரும் மனதுக்குள் நடத்திக்கொண்டு போனாரா, எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன. என் தம்பி ஓட்டோவில் போன அன்றே செத்துவிட்டான், போலந்து வரைக்கும் நடந்தது வேறு யாரோ.

அடுத்த தவணைக்கு அம்மா தானும் வருகிறேன் என்றார். ஆஸ்பத்திரி அதோடு கடைசி என்று சொல்லியிருந்தது, அந்தக் கிழமை புதைத்துவிடுவார்களாம். "வந்து என்ன செய்யப் போறியள்? போலந்திலை மழையோ எண்டு கேக்கப் போறியளோ?" என்று கத்தினேன். கன நாளைக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் கதை அது. அம்மா நல்ல சீலையாக எடுத்துக் கட்டினார்.

நீதிமன்ற விறாந்தையில் விளக்கமறியல்காரரை ஒரு மர வாங்கில் வரிசையாக இருத்தியிருந்தார்கள், கையில் விலங்கு. அண்ணை ஓரத்தில் இருந்தார். சந்தனம் இல்லை, தாடி வளர்ந்திருந்தது. அம்மாவைக் கண்டதும் எழும்பி நின்றார். பக்கத்தில் விலங்கு பூட்டியிருந்தவனும் சேர்ந்து எழும்ப வேண்டியதாகிவிட்டது.

"அம்மா, சுகமே?" என்றார்.

காவல்காரன் "அம்மே, எஹாட்ட யன்ன" என்று அம்மாவை அந்தப் பக்கம் போகச் சொல்லித் தடியைக் காட்டினான். அம்மா அசையவில்லை.

"நான் ஒண்டுதான் கேக்க வந்தனான்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை, கடையில் விலை கேட்கிற குரல். "அண்டைக்குப் பின்னேரம் என்ரை பிள்ளை சாப்பிட்டவனோ?"

அவர் விலங்கைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுத்தது. மொஸ்கோவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவருக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"ஓம் அம்மா. பசிக்குதெண்டவர். சந்திக் கடையிலை கொத்துரொட்டி வாங்கிக் குடுத்தனான்."

அம்மா இன்னும் ஒரு அடி கிட்டப் போனார்.

"வெங்காயம் முழுக்கப் பொறுக்கிப் பொறுக்கிப் பேப்பரிலை ஒரு கரையிலை வைச்சவர். பொறுக்கி முடிச்சாப் பிறகுதான் சாப்பிட்டவர். ஆறிப்போச்சுது எண்டு நான் ஏசினனான்."

அம்மா தலையை ஒருக்கால் ஆட்டினார். பிறகு திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். இவ்வளவு நாளும் அவர் நடந்த நடை அது இல்லை, வேகமாக நடந்தார். வழக்குக்கு வந்திருந்த பொலிஸ்காரர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கோப்போடு நின்றார். அம்மா நேரே அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அது என்ரை பிள்ளைதான்" என்றார். "சொல்லு அவருக்கு."

சொன்னேன். பொலிஸ்காரர் நம்பவில்லை. இவ்வளவு காலம் இல்லை இல்லை என்று அலைக்கழித்த மனிசி. "ஷுவர்த, அம்மே?" என்று கேட்டார். நிச்சயமோ என்கிறார் என்று நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

"அவன் வெங்காயம் தின்னமாட்டான் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

இதை என்னவென்று சொல்வது. வாயைத் திறந்தேன், சிங்களம் வந்தது. "எயா லூனு கன்னெ நே" என்றேன். சொல்லி முடிக்க முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நாளும் வராதது எல்லாம் சேர்ந்து, மூக்கால் வாயால். பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கியிராது. அவர் அதை எழுதவில்லை. பேனையை அம்மாவிடம் கொடுத்தார், கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் காட்டினார்.